பூக்கட்டிப் பார்த்தல் பிறந்த கதை

கடலாடி வட்டத்துச் சிக்கலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே பதில் சொல்லிவிடுவது அபூர்வம். "சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துட்டுச் சொல்லி விடுறோம்" என்பார்கள். இதே பேச்சு கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீட்டில் நடந்தால் "இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்றோம்" என்று வரும். கிறிஸ்தவ வீடாக இருந்தால் "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்." மூன்று பேர் கேட்பதும் நாலு நாள் தவணைதான். அந்த நாலு நாளில் பையனின் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடிக்காமல் போயிருக்கலாம், நகைப் பேச்சில் மனக்கசப்பு வந்திருக்கலாம். எதுவானாலும் "பூ வரல" என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டால் கதை முடிந்தது. பெண் வீட்டார் கோபித்துக்கொள்ள வழியில்லை. சாமி சொன்னதற்கு யாரிடம் சண்டைக்குப் போவது?

பூக்கட்டும் முறையைக் கவனித்துப் பார்த்தால் அதில் ஒரு சட்டப் புத்தகமே இருக்கிறது. வாழையிலையில் இரண்டு துண்டு கிழித்துக்கொள்வார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, நந்தியாவட்டையோ மல்லிகையோ. மற்றதில் சிவப்பு, அரளியோ செம்பருத்தியோ. இரண்டையும் ஒரே அளவில் மடித்து வாழை நாரால் ஒரே மாதிரி கட்ட வேண்டும். செம்பருத்தி பெரிதாக இருந்தால் இதழைக் கிள்ளிப் போட்டுச் சிறிதாக்குவார்கள். பொட்டலம் புடைத்து நின்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா! எந்த நிறம் வந்தால் சம்மதம் என்பதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகு மாற்றிச் சொல்லக் கூடாது. கட்டியவர் எடுக்கக் கூடாது, கேட்டவரும் எடுக்கக் கூடாது. சன்னிதியில் விளையாடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒண்ண எடுத்துக் குடு சாமி" என்பார்கள். பூக்கட்டுகிற நேரத்துக்கு அந்தப் பிள்ளைதான் சாமி.

இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று பெயர் சொல்ல முடியாது. ஆனால் இதன் உறுப்புகள் எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே வந்து சேர்ந்தன என்பதைத் தொட்டுப் பார்க்கலாம்.

பூதான் முதலில் வந்தது. முல்லைப்பாட்டில் அரசன் போருக்குப் போயிருக்கிறான், அரசி காத்திருக்கிறாள். வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய் நாழி நெல்லையும் முல்லைப் பூவையும் தூவி, கைகூப்பி நிற்கிறார்கள். அந்நேரம் யார் வாயிலிருந்து என்ன சொல் விழுந்தாலும் அதுவே தெய்வத்தின் பதில். ஒரு இடைப்பெண், தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்கிறாள். அரசன் வந்துவிடுவான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு விரிச்சி என்று பெயர். ஆநிரை கவரப் போகுமுன் விரிச்சி கேட்பதைத் தொல்காப்பியமும் சொல்கிறது. பேசியது ஒரு பெண், அவள் பேசியது கன்றிடம், அவளுக்கு அரசனைப் பற்றிய நினைப்பே கிடையாது. விஷயம் தெரியாதவர் வாயிலிருந்து வந்தால்தான் அது பதில். பின்னால் சின்னப்பிள்ளை வந்து நிற்கப்போகிற இடம் அங்கேயே ஒதுக்கப்பட்டுவிட்டது.

சங்க காலத்திலேயே இன்னொரு முறையும் இருந்தது. மகள் மெலிந்து போகிறாள். தாய் பதறி முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காயை உருட்டிப் பார்த்து, இது முருகன் செயல் என்கிறான். ஆடு அறுத்து வெறியாட்டு நடக்கிறது. பெண்ணுக்கு வந்திருப்பதோ காதல். தோழிக்கு அது தெரியும், வாசகனுக்கும் தெரியும். கழங்கைச் சொல்ல வைத்த அதே புலவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். ஏன் மெலிந்தாள் என்பது மகளிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைத் தெய்வத்திடம் கேட்டால் தப்பான பதில்தான் வரும் என்று ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கதை கடைசியில் ஏர்வாடி தர்காவுக்குப் போகும், அப்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பொட்டலமும் பிள்ளையும் சேர்ந்து தெளிவாக எழுத்தில் நிற்கும் இடம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் முப்பது குடும்புகளுக்கும், அதாவது ஊர்ப் பிரிவுகளுக்கும், சபை உறுப்பினர் தேர்வு செய்யும் விதத்தைச் சொல்கின்றன. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டி, குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுக்கிறான். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்பதற்குச் சாட்சி அது. இதை நம் பள்ளிப் பாடம் ஜனநாயகம் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறது. கோயிலில் பூக்கட்டுகிறவர்கள் இன்றும் செய்வது இதே காரியம்தான். நாலு பேர் கூடி முடிவெடுக்க வேண்டும், யார் எடுத்தாலும் மற்றவர் சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் குடமும், குழந்தையும், விரித்த கையும்.

சைவர்களிடம் இன்னொரு கிளை இருந்தது: ஏட்டுக்கட்டில் கயிறு சாத்தி, அது விழுந்த ஏட்டைப் பதிலாகப் படிப்பது. மதுரையில் சமணரோடு அனல்வாதம் நடந்தபோது சம்பந்தர் தம் பதிகக் கட்டில் கயிறு சாத்த, திருநள்ளாற்றுப் பதிகம் வந்தது, நெருப்பில் இட்டும் வேகவில்லை என்பது பெரியபுராணக் கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாமல் கயிறு சாத்தினார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அங்கே போய் நீராடி வழிபட்டார். மெய்கண்டார் பிறந்தார் என்பது மரபு. சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞானபோதம் தந்தவரின் பிறப்புக்கே ஒரு கயிறுதான் பிள்ளையார் சுழி.

இதற்கு நிகரான சம்பவம் 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் நடந்திருக்கிறது. மனம் கலங்கி அழுதுகொண்டிருந்த, பின்னாளில் கிறிஸ்தவப் புனிதரான அகுஸ்தீனுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தைக் குரல், எடு, படி என்று பாட்டுப்போலத் திரும்பத் திரும்பக் கேட்டது. பவுலின் நிருபத்தைத் திறந்தார், கண்ணில் பட்ட இடத்தைப் படித்தார், வாழ்க்கையே திரும்பிவிட்டது. குழந்தைக் குரல் விரிச்சி, ஏடு திறந்தது கயிறு. அவர் முல்லைப்பாட்டைப் படித்திருக்க நியாயமில்லை! கலங்கிய மனிதன் எங்கே இருந்தாலும் காது ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது போலும்.

கிறிஸ்தவத்துக்குச் சீட்டு புதிதல்ல. இயேசுவின் சீடர்களில் யூதாஸ் போன இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டியிருந்தது. யோசேப்பு, மத்தியா என்று இரண்டு பேர் நின்றார்கள். ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டார்கள். மத்தியா பேருக்கு விழுந்தது. உத்திரமேரூர்க் கணக்குத்தான்: இரண்டு பேருமே தகுதியானவர்கள், தேர்ந்தெடுத்த பழி மட்டும் யார்மேலும் விழக் கூடாது. பிற்காலச் சபை இதைக் குறி சொல்லும் வேலைக்கு இழுத்தபோது திருச்சபைச் சங்கங்கள் தடை போட்டன. 465 வாக்கில் பிரான்சின் வான் நகரில் கூடிய சங்கம் அவற்றில் ஒன்று.

தடை போட்டால் நிற்கிற பழக்கமா? பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் குடியேறிய மொரேவிய சகோதரர்கள் கல்யாணத்தைக்கூடச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அவர்களுடைய தலைவர் சின்சென்டார்ஃப் 1728 மே 3 அன்று அன்றாடத்துக்கென்று ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது புத்தகமாக வருகிறது. வசனங்களை இன்றும் சீட்டாகத்தான் எடுக்கிறார்கள். அந்தச் சகோதரர்களில் ஒரு கூட்டம் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து நம் ஊர்ச் சபைகளில் தட்டில் குவித்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டையில் ஆளுக்கொன்று எடுக்கிறார்களே, அதன் பாட்டனார் ஹெர்ன்ஹூட் சீட்டுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: அட்டைக் குவியலில் கடிந்துகொள்ளும் வசனம் எதுவும் இருக்காது. சிவப்புப் பூவே இல்லாமல் கட்டிய பொட்டலம் அது.

மெதடிஸ்ட் சபை நிறுவனர் ஜான் வெஸ்லி இந்த மொரேவியரோடு பழகியவர். 1737 மார்ச்சில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில், சோஃபி ஹாப்கி என்ற பெண்ணைக் கட்டலாமா என்று மூன்று சீட்டு எழுதினார். கட்டு, இந்த வருஷம் நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. எடுத்தது நண்பர். வந்தது மூன்றாவது. சில நாளில் அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். வெஸ்லியின் மனக்குமைச்சல் அதோடு தீர்ந்துவிடவில்லை. பிறகு அவளுக்கு நற்கருணை மறுத்து, வழக்காகி, அந்த நாட்டையே விட்டுப் புறப்பட்டார். சீட்டு முடிவைச் சொல்லும், மனசை ஆற்றிக் கொடுக்காது.

இஸ்லாம் இந்த விஷயத்தில் செய்ததுதான் எல்லாவற்றிலும் துணிச்சலான காரியம். மக்காவில் ஹுபல் சிலைக்கு முன் அம்புகளைக் குலுக்கிக் குறி கேட்கும் வழக்கம் இருந்தது. நபிகளின் பாட்டனார் அப்துல் முத்தலிப் தம் மகன் அப்துல்லாஹ்வைப் பலியிடுவதா ஒட்டகங்களைக் கொடுப்பதா என்று அம்பு போட்டுக் கேட்டதாகவும், நூறு ஒட்டகத்தில் போய் அம்பு ஒட்டகத்தின் பக்கம் விழுந்ததாகவும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அந்த அப்துல்லாஹ்வின் மகனுக்கு அருளப்பட்ட குர்ஆன் அம்புக் குறியைத் தடுத்தது. அதற்குப் பதிலாக நபிகள் கற்றுக் கொடுத்தது இஸ்திகாரா: இரண்டு ரக்அத் தொழுது, ஒரு துஆ. இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு. கெட்டதென்றால் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பு. எது நல்லதோ அதில் என்னைத் திருப்திகொள்ளச் செய் என்பது அதன் கருத்து. ஜாபிர் பின் அப்துல்லாஹ் அறிவித்து புகாரியில் பதிவானது.

அந்த ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. பச்சை தெரிந்தால் நல்லது, சிவப்பு தெரிந்தால் வேண்டாம் என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது. ஆலிம்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் வீடுகளில் கனவுக்குக் காத்திருப்பது நிற்கவில்லை. அம்பை எடுத்துப் போட்டால் மனிதன் கனவை அம்பாக்கிக்கொள்கிறான். ஆனால் சீட்டு முழுக்கத் தள்ளப்படவும் இல்லை. பயணத்துக்கு எந்த மனைவியை அழைத்துப் போவது என்பதற்கு நபிகள் சீட்டுக் குலுக்கியதாக ஆயிஷா அம்மையார் அறிவிக்கிறார். என்ன நடக்கும் என்று கேட்கும் அம்புக்குத் தடை. பாரபட்சமில்லாமல் பங்கிடும் சீட்டுக்கு அனுமதி. இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் கோடு கிழித்ததாக நான் படித்ததில்லை. பூக்கட்டும் பழக்கத்தையும் இந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ஜோசியக்காரர் வேலைக்காக அது பிறக்கவில்லை. ரெண்டு தரப்பும் முகம் கோணாமல் பிரிந்து போகப் பிறந்தது.

சீனர்களிடமும் இதற்கு நிகரான ஒரு முறை உண்டு. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் அக்கம்பக்கம். சீனக் கோயில்களில் பிறை வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டுக் கேட்பார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிந்து விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டைப்பக்கம் மேலே வந்தால் தெய்வம் சிரிக்கிறது. கேள்வியைச் சரியாகக் கேள் என்று பொருள். நம் பொட்டலத்தில் இல்லாத ஒன்று இந்த மூன்றாவது பதில்.

இல்லையென்றாலும் இந்தக் கரைக்கு மூன்றாவது பதில் தெரியாததல்ல. சிக்கலிலிருந்து எட்டிவிடும் தொலைவில்தான் திருப்புல்லாணி. ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலில் தர்ப்பசயன ராமர் படுத்திருக்கிறார். இலங்கைக்குப் போகக் கடலரசனிடம் வழி கேட்டு, தர்ப்பையில் மூன்று இரவு கிடந்தார் என்கிறார் வால்மீகி. பதில் வரவில்லை. அவதாரமே கேட்டும் கடல் வாய் திறக்கவில்லை. மூன்று இரவும் கழிந்ததும் அவர் எடுத்தது பொட்டலமல்ல, வில். அதன் பிறகுதான் கடலரசன் வந்தான். அவனும் அற்புதம் எதையும் செய்யவில்லை, நளன் என்ற கைதேர்ந்த வேலைக்காரன் உன் படையிலேயே இருக்கிறான், அவனை விட்டு அணை கட்டச் சொல் என்றான். கல் சுமந்தது குரங்குகள்.

இனி ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா நாயகத்தின் தர்காவுக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். மனநலம் குன்றியவர்களை அழைத்து வந்து, கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்குவது பழைய வழக்கம். அந்தத் தங்கலை நம்பிச் சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படியொரு காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. உத்தரவுக்காகக் காத்திருந்தவர்களைச் சங்கிலியில் மாட்டியது எந்த நாயகமும் அல்ல, நாம்தான். மகள் மெலிந்ததற்குக் கழங்கு பார்த்த தாயின் தவறு, ஆடு மட்டும் அறுபட்டதோடு முடிந்தது, இங்கே முடியவில்லை.

இப்போது அதே ஏர்வாடியில் துஆவும் மருந்தும் சேர்த்துத் தரும் அரசுத் திட்டம் நடக்கிறது. தர்காவுக்கு வருகிறவரை யாரும் விரட்டுவதில்லை. தொழுது முடித்தவரை டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய முறை இது.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பூக்கட்டிப் பாருங்கள், தொழுங்கள், ஜெபியுங்கள். எந்தப் பூ வந்தாலும் குடும்பம் நிம்மதியாக ஏற்றுக்கொள்ளும் கேள்வியாக இருந்தால் போதும். வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் அது பொட்டலத்தில் கட்டும் கேள்வி அல்ல. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். முதலில் அதை அழுத்துங்கள், பூவைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.