சயனைடு மேடுகளும் சட்டத்தின் எல்லையும்

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற 13 கழிவு மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன், குடியிருப்புகளை ஒட்டி இன்றும் நிற்கின்றன. சயனைடு மலை என்பதே ஊர் வழக்கு. நச்சுப்பொருள் சட்டங்கள் நூறாண்டுகளில் வலுத்துவந்தும் இம்மேடுகளின் அடிவாரத்தைத் தாண்டவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கு வந்தது. 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை பின்னர் இங்கும் புகுந்தது. பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவிடுவார்கள். பாதரசத்துக்குப் பிடிபடாத நுண்ணிய தங்கமும் அதில் கரைந்துவரும். துத்தநாகம் சேர்த்தால் படியும். ஒரு டன் பாறையில் கிடைப்பது கிராம் கணக்கில்தான். மிச்சமெல்லாம் மேட்டுக்குப் போனது. வெயில் பட்டால் சயனைடு பெருமளவு சிதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சிலிக்காத் தூசியும் உலோகங்களும் சிதைவதில்லை. மழை இம்மேடுகளை ஓடை ஓடையாக அரித்து இறக்குகிறது. காற்று அந்த மாவை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவருகிறது.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1919ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் நஞ்சின் இறக்குமதி, விற்பனை, கையிருப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. பயன்படுத்திக் கொட்டிய பிறகு அது என்னவாகும் என்று கேட்கவில்லை. இந்தக் குறுகிய பார்வை நெடுங்காலம் நீடித்தது.

தொழிலாளர் உடல்நலத்தில் மட்டும் சிறு அசைவு இருந்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தலித் மக்கள். 1940–46இல் 7,653 பேரைச் சோதித்த ஆய்வில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு, சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. மூச்சடைத்து மாண்டவர்களுக்குப் பின்னால் வந்த அறிவு இது. அதுவும் சுரங்கத்தின் உள்ளே மட்டும் பார்த்தது. மேட்டருகே விளையாடிய பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. கட்டுப்படுத்த வேண்டிய அரசே உரிமையாளரும் ஆனது. போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகரக் கழிவு விதிகளும் வந்தன. 1996இல், பாலாற்றை மாசாக்கிய வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பாலாற்றங்கரைக்குக் கிடைத்த அந்த நீதி, அக்கரைகளிலிருந்து தங்கவயலுக்குப் புறப்பட்டுப்போனவர்களின் சந்ததியை எட்டவில்லை. மாசுபடுத்தியவர் அரசு என்றால் யாரிடம் கேட்பது?

2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் தங்கக் கழிவுக்குளம் உடைந்து, சயனைடு திசா ஆற்றையும் டான்யூபையும் நாசமாக்கியது. அதன் பிறகே சயனைடைக் கையாளச் சர்வதேச நெறிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. கோலார்ச் சுரங்கங்களோ அந்த உடைப்புக்கு அடுத்த ஆண்டே மூடப்பட்டுவிட்டன.

2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. நெடுநாள் காத்திருந்த விதிகள். ஆனால் சுரங்கப் பணியால் நேர்ந்த மாசுக்கு அவை பொதுவாகப் பொருந்தா. வேறு மாசும் கலந்து வரம்பு மீறினால்தான் பொருந்தும். இதற்கிடையே, எஞ்சிய தங்கத்துக்காக இம்மேடுகளை மறுபடி கிளற கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்துவிட்டது. மண்வெட்டி இறங்கும் முன், சுரங்க மாசுக்கு விதிகள் தரும் அந்த விலக்கை நீக்க வேண்டும். தூசியையும் கிணற்று நீரையும் சோதித்து, முடிவுகளைத் தங்கவயல் மக்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிட வேண்டும்.