சவுக்கு விளைதிறன் கணிப்பு: விழுப்புரம், திண்டிவனம்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர், திண்டிவனம் வட்டாரங்களில் சவுக்கு முக்கியமான பணப்பயிர்களுள் ஒன்று. எந்த நிலத்தில் சவுக்கு எவ்வளவு விளையும் என்பதை வெட்டுக்கு முன்பே கணிக்கும் முயற்சிக்கு, ரயில் விறகில் தொடங்கி செயற்கைக்கோள் படம் வரை நீளும் வரலாறு உண்டு.

மரமும் வரவும்

சவுக்கு ஆங்கிலத்தில் ஆஸ்திரேலியன் பைன் என்றும் அழைக்கப்படுகிறது. ஆனால் அது பைன் வகையைச் சேர்ந்ததன்று, பூக்கும் தாவரம். ஊசியிலை போலத் தெரிபவை அதன் மெல்லிய கிளைகளே. உண்மையான இலைகள் கணுக்களில் சிறு செதில்களாக இருக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், சத்துக் குறைந்த கடற்கரை மணலிலும் சவுக்கு வளர்கிறது.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது கடலோரத்தில் சவுக்குத் தோட்டங்கள் பெருகின. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறிய பின்னும், அடுப்பு விறகு, பந்தல் கால், சாரக்கம்பு ஆகியவற்றின் தேவையால் சவுக்கு உழவர் நிலங்களில் நிலைத்தது.

அட்டவணைக் காலம்

ஒரே வயதுடைய மரங்களின் விளைச்சலை அட்டவணையாக்கும் முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது. 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரான டீட்ரிக் பிராண்டிஸ் ஜெர்மனியில் பிறந்தவர். 1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தேக்கு, சால் முதலிய மரங்களுக்கு நிலத்தரம் பிரித்து விளைச்சல் அட்டவணைகள் வந்தன.

இம்முறையின் அடிப்படை எளியது. தோப்பின் ஓங்கிய மரங்கள் குறிப்பிட்ட வயதில் எட்டும் உயரமே நிலத்தரக் குறியீடு. நெருக்கமாக நட்டால் மரம் பருக்காது. ஆனால் ஓங்கிய மரங்களின் உயரம் பெரிதும் மாறாது. எனவே உயரம் நிலத்தின் தன்மையைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரே நாற்றை நட்ட இரு தோப்புகள் நான்காம் ஆண்டில் 12 மீட்டரும் 9 மீட்டரும் உயர்ந்திருந்தால், வேறுபாட்டின் காரணத்தை மண்ணிலும் நீரிலும் தேட வேண்டும்.

கண்மதிப்பு வாணிகம்

உழவர் தோப்புகளுக்கு இந்த அட்டவணைகள் அதிகம் பயன்படவில்லை. ஏக்கருக்குச் சுமார் 4,000 கன்று என நெருக்கி நட்டு, பக்கக் கிளை கழித்து, சில ஆண்டுகளில் வெட்டும் பயிர் இது. வியாபாரி தோப்பைச் சுற்றி வந்து, மரத்தின் பருமனைப் பார்த்து மொத்த விலை பேசுவது பழைய வழக்கம். வியாபாரி பல தோப்புகளை வெட்டி எடை போட்டுப் பார்த்தவர். உழவருக்கோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெட்டு. மதிப்பு ஏக்கருக்குச் சில டன் குறைந்தாலும் பல ஆண்டு உழைப்பின் பலன் கைமாறிவிடும்.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தங்கள் மரத்தேவையை உழவர்களோடு நேரடி உறவு வைத்துப் பெற வேண்டும் என்றது. காகித ஆலைகள் சவுக்கை வாங்கத் தொடங்கியதும் எடைக்கணக்கு முதன்மை பெற்றது. எந்த வட்டாரத்தில், எந்த ஆண்டில், எத்தனை டன் கிடைக்கும் என்பது ஆலைக்கும் தேவையாயிற்று.

வரைபடமாக்கல்

நியூசிலாந்தில் ரேடியேட்டா பைனுக்கு வெப்பநிலை, மழை, மண் தரவுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் விளைதிறன் வரைபடம் வரையப்பட்டுள்ளது. அங்கே பைன் வெட்டுக்கு வர 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், தோட்டங்களும் பெரியவை. இங்கே நிலைமை வேறு. கடலோர மணல், உட்புறச் செம்மண், ஏரிப்பாசனக் களிமண் எனச் சில கிலோமீட்டருக்குள் நிலம் மாறுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால், கோடையில் வேருக்கு எட்டும் நிலத்தடி நீர் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் 1988இல் ஏவப்பட்டது. 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புள்ளிகள். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் தோப்பு வெட்டப்பட்ட காலமும் மறுபடி பசுமை கூடிய காலமும் தெரியும். அதிலிருந்து வயதை அறியலாம். ஆனால் கிளைகள் கூடி நிழல் மூடியபின் பசுமை அளவு பெரிதாக மாறாது. உயரத்தை நிலத்தில் நின்றோ, டிரோன் கொண்டோ அளந்தே சேர்க்க வேண்டும்.

கணிப்பின் எல்லை

கோயம்புத்தூரில் 1988இல் அமைந்த வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் குளோன் சவுக்கு வகைகளை வெளியிட்டுள்ளது. வேகமாக வளரும் வகை வந்தால், நாட்டு நாற்றை வைத்து வகுத்த பழைய நிலத்தரக் குறியீடு பொருந்தாது. மீண்டும் அளக்க வேண்டும். இயற்கையும் கணக்கைக் கலைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், இக்கடலோரப் பகுதியின் தோப்புகளைச் சாய்த்தது. நிலத்தின் திறனைக் காட்டும் வரைபடம் புயலைக் காட்டாது. ஆயினும் தன் தோப்பு எத்தனை டன் தரக்கூடும் என்பதை முன்பே அறிந்த உழவர், விலை பேசும்போது கண்மதிப்பை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.