மாவுச் சாக்கில் பூத்த பூக்கள்

பழைய பாட்டிலில் பூச்சாடி, கிழிந்த ஜீன்ஸில் கைப்பை, ஐஸ் குச்சியில் போட்டோ ஃபிரேம். யூடியூப்பைத் திறந்தால் இப்படி ஆயிரம் வீடியோ வருது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டில் மிஞ்சியதை வைத்து வீட்டை அழகாக்குவது என்பது ஒரு காலத்தில் பொழுதுபோக்கு கிடையாது. நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதற்கான வழி. அதுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், அமெரிக்காவின் மாவுச் சாக்கு.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே கோதுமை மாவு மரப் பீப்பாயில்தான் வந்தது. ஒரு பீப்பாய் 196 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 89 கிலோ. துணிப்பையில் போடலாமே என்றால், கையால் போட்ட தையல் அந்தப் பாரத்தைத் தாங்காது. எலியாஸ் ஹோவ் 1846-ல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு மெஷின் தையல் பரவியதும் சாக்கு கெட்டியானது, பீப்பாய் மெல்ல மறைந்தது. பழைய பழக்கம் மட்டும் போகலை. 98, 49, 24½ பவுண்டு என்று பீப்பாயைப் பாதி பாதியாக வகுத்த அளவிலேயே சாக்கு தைத்தார்கள்.

மாவு தீர்ந்ததும் கையில் மிஞ்சியது நல்ல பருத்தித் துணி. கிராமத்துப் பெண்கள் அதைத் தூக்கிப் போடுவார்களா? ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சாக்கின் தையல் முழுசாகப் பிரிந்துவிடும். அந்த நூலையும் உருண்டையாகச் சுற்றி வைத்துக் குரோஷா பின்னினார்கள். துணி, ஜன்னல் திரையாச்சு, தலையணை உறையாச்சு, அடுப்படித் துண்டாச்சு, மேஜை விரிப்பாச்சு. வெட்டியதில் மிஞ்சின துண்டுகள் குயில்ட் என்கிற ஒட்டுப்போர்வைக்குப் போச்சு. குழந்தைகளின் உள்ளாடையும் இதில்தான்.

சிக்கல் ஒன்றே ஒன்று. சாக்கின் மேல் மில்லின் பெயரும் முத்திரையும் பெரிசாக அச்சடித்திருக்கும். பன்றிக்கொழுப்பு தடவியோ மண்ணெண்ணெயில் நனைத்தோ ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காரமான சோப்புப் போட்டுக் கசக்க வேண்டும். அப்படியும் சில சமயம் மை முழுசாகப் போகாது. பாவாடைக்குள்ளிருந்து மாவு கம்பெனி எட்டிப் பார்க்கும். ஊரில் கேலிக்கு அது போதாதா?

1920-களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரின் ஜார்ஜ் பி. பிளான்ட் மில்லிங் கம்பெனி ஒரு வேலை செய்தது. ஜிங்ஹாம் என்கிற கட்டம்போட்ட துணியிலேயே சாக்கு தைத்து, "ஜிங்ஹாம் கேர்ள்" என்ற பெயரில் மாவு விற்றது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 1929-க்குப் பிறகு வந்த பெருமந்தக் காலத்தில் பூப்போட்டது, புள்ளி வைத்தது, கோடு போட்டது என்று சாக்குகள் கடையை நிறைத்தன. கம்பெனிப் பெயர், ஊறினால் உரிந்து வரும் காகித லேபிளுக்கு இடம் மாறியது. விளிம்பில் மட்டும் பூவேலை போட்ட சாக்கு தலையணை உறைக்கென்றே வந்தது. வெட்டித் தைத்தால் பொம்மையாகும்படி அச்சடித்த சாக்கும் உண்டு. தன் முத்திரையைப் பெண்கள் கழுவித் தள்ளுகிறார்கள் என்று தெரிந்த வியாபாரி, கழுவ வசதியாக லேபிள் ஒட்டிக் கொடுத்தான். வாங்குகிறவள் கையில் எவ்வளவு பலம் இருந்தது பாருங்க.

கோழித்தீவனம் வரும் 100 பவுண்டு சாக்கைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கிடைக்கும். பெரியவர்களின் கவுனுக்கு மூன்று சாக்கு வேண்டும், மூன்றும் ஒரே டிசைனில் இருக்க வேண்டும். ஆக, 136 கிலோ தீவனம் வாங்கினால் ஒரு கவுன்! தீவனம் வாங்கப் போகும் வீட்டுக்காரர் கையில் மாதிரித் துணியைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் கேட்கும் பூ அடுக்கின் அடியில்தான் இருக்கும். கடைக்காரர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி எடுத்துத் தர வேண்டும். கிடைக்காத டிசைனை அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்வதும் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் கடைத்துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சாக்குத் துணியை உடுத்துவது சிக்கனம் மட்டுமில்லாமல் தேசப்பற்றாகவும் மதிக்கப்பட்டது.

இதை மில்காரர்களின் தாராள மனசு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றலை. சாக்கின் விலை மூட்டை விலைக்குள்ளேயே இருந்தது. பிரித்து, ஊறவைத்து, வெட்டித் தைத்த உழைப்பு பெண்களுடையது. அதற்குக் கூலி கிடையாது. கம்பெனிக்கோ தீவனமும் விற்றது, விளம்பரமும் ஆச்சு. தெற்கு மாநிலங்களில் நிலைமை இன்னும் வினோதம். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு எடுத்த குடும்பங்களுக்கு அதே பருத்தி சாக்காகத் திரும்பி வந்தது, அதுவும் காசு கொடுத்து வாங்கிய மூட்டையோடு.

ஆனாலும் அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததைச் சின்னதாக நினைக்க முடியாது. பூப்போட்ட துணி வந்த பிறகு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சட்டை சாக்கிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாமல் போச்சு. இல்லாத வீட்டு ஜன்னலிலும் வண்ணத் திரை ஆடியது. வறுமை போகலை, ஆனா அது வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் தெரியும்படி கத்துவது நின்றது.

முடிவு சாதாரணமாகத்தான் வந்தது. போருக்குப் பிறகு பல அடுக்குக் காகிதப் பை மலிவானது, கம்பெனிகள் அதற்கு மாறின. துணிச்சாக்குக்காரர்களும் பருத்தித் தொழில் அமைப்புகளும் சும்மா இருக்கலை. தையல் புத்தகம் போட்டார்கள், கண்காட்சிகளில் சாக்குத்துணித் தையல் போட்டி நடத்தினார்கள். அப்படி ஒரு போட்டிக்காக 1959-ல் கான்சஸ் மாநிலத்துப் பெண் ஒருவர் தைத்த கவுன் இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு. 1960-களில் துணிச்சாக்கு கிட்டத்தட்ட மறைந்தே போனது.

இப்போது அந்தப் பழைய பூ டிசைன்களை மறுபடி அச்சடித்துப் புதுத்துணியாக விற்கிறார்கள், குயில்ட் தைக்கிறவர்கள் மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். சாக்குத்துணி மாதிரி தெரிய வேண்டுமாம். பாட்டிமார் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தது, சாக்கு மாதிரி தெரியக் கூடாது என்பதற்காக.