சிங்காநல்லூரில் ஒரு முதற்படம்
ஏ. எஸ். ஏ. சாமியின் தொடக்க ஆண்டுகள்

ஒரு கலைஞனின் முதற்படைப்பைப் பற்றிப் பேசும்போது அவனுடைய திறமையைப் போற்றுகிறோம். அந்தத் திறமை வெளிப்படும் வரை அவனுக்குச் சோறிட்டுக் காத்திருந்த இடத்தை மறந்துவிடுகிறோம். கோவையின் கிழக்கே, சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோ அத்தகைய ஓர் இடம். அங்கே 1940களின் நடுவில் உதவிக் கதாசிரியராகவும் வசனகர்த்தாவாகவும் உழைத்து, 1947-இல் இயக்குநராக உயர்ந்த ஏ. எஸ். ஏ. சாமியின் தொடக்ககால வரலாறு, எழுத்தை நேசிப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கொங்கு நாட்டுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு பேசும்படக் காலத்துக்கு முற்பட்டது. கோவை மைந்தரும் இரயில்வே வரைவாளருமான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சலனப்படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை எழுப்பினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகியபோது, ஆலைத்தொழிலில் ஈட்டிய முதலின் ஒரு பகுதி படத்தொழிலுக்கும் திரும்பிற்று. சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் அந்தப் பத்தாண்டில் தோன்றியவை. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ அடுத்த பத்தாண்டில் எழுந்தது. நெசவுக்குத் தறி எப்படியோ, அப்படியே படத்துக்கு ஸ்டுடியோ என்று கருதிய மண் இது.

சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தன் களமாகக் கொண்டு இயங்கிய ஜூபிடர் நிறுவனத்தின் பங்காளிகள் எம். சோமசுந்தரமும் எஸ். கே. மொகிதீனும் ஆவர். நடிகர், எழுத்தாளர், இசைவாணர் பலரையும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி வைத்துக்கொள்வது அந்நாளைய வழக்கம். ஆலைக் கணக்கில் பார்த்தால் அது வீண்செலவு. கலையின் கணக்கில் அதுவே விதைநெல்.

இலங்கையில் பிறந்த சாமி, ‘பில்ஹணன்’ என்ற நாடகத்தால் பெயர் பெற்றவர். காஷ்மீரக் கவிஞன் ஒருவனின் காதலைச் சொல்லும் அந்நாடகம் வானொலியிலும் மேடையிலும் வரவேற்புப் பெற்று, 1948-இல் திரைப்படமாகவும் வந்தது. ஆக, கோவைக்கு வந்த சாமி ஒளிப்பதிவுக் கருவியைப் பழகி வந்தவரல்லர். சொல்லைப் பழகி வந்தவர். ஜூபிடரின் ‘ஸ்ரீ முருகன்’ (1946) படத்துக்குக் கதை வசனம் எழுதினார். அதில் சிவனாகத் தோன்றிய ஓர் இளம் நடிகரும், பார்வதியாகத் தோன்றிய கே. மாலதியும் ஆடிய தாண்டவம் அவர் கருத்தைக் கவர்ந்தது. அந்த நடிகர் எம். ஜி. இராமச்சந்திரன். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் அறிமுகமாகிப் பத்தாண்டுகள் சிறு வேடங்களிலேயே கழித்தவர் அவர்.

அடுத்து எடுக்கவிருந்த ‘ராஜகுமாரி’யைத் தாமே இயக்கும் வாய்ப்பு சாமிக்குக் கிட்டியது. அது மந்திரமும் மாயமும் கலந்த கதை. பி. யு. சின்னப்பா, டி. ஆர். ராஜகுமாரி போன்ற புகழ்மிக்கோரை நடிக்க வைக்கலாம் என்ற எண்ணமே முதலில் நிறுவனத்தில் இருந்தது. சாமி வேறு கணக்குப் போட்டார். நிறுவனச் சம்பளத்தில் இருப்போரைக் கொண்டே குறைந்த செலவில் படத்தை முடிக்கலாம் என்று எடுத்துரைத்து, இராமச்சந்திரனையும் மாலதியையும் தலைமைப் பாத்திரங்களுக்குத் தேர்ந்தார். தொடக்கக் காட்சிகளைப் பார்த்த பின் படத்தை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. புதிய இயக்குநர், நாயகனாக நிலைபெறாத நடிகர். முதலீடு செய்தவர்களின் அச்சம் இயல்பானதே. சாமி தம் தேர்வில் உறுதியாக நின்றார். சோமசுந்தரமும் அவருக்குத் துணை நின்றார். படம் 1947-இல் வெளிவந்து வெற்றி கண்டது. நாயகனுக்கு அப்போது வயது முப்பது.

இப்படத்தின் எழுத்துப் பணிக்கு அழைக்கப்பட்டவர் மு. கருணாநிதி. ஈரோட்டில் ‘குடிஅரசு’ அலுவலகத்தில் பணியாற்றிய அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உரையாடலின் பெரும்பகுதியை எழுதிய அவர் பெயர் திரையில் ‘உதவி ஆசிரியர்’ என்றே இடம்பெற்றது. அடுத்து வந்த ‘அபிமன்யு’வில் (1948) அதுவும் இல்லை. கோவைத் திரையரங்கில் தம் பெயரைத் தேடி ஏமாந்த அந்த வருத்தத்தைப் பின்னாளில் தம் வரலாற்றில் அவரே பதிவு செய்துள்ளார்.

அதே கூடத்தில் எடுபிடி வேலைகள் செய்தவாறே எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் இசை கற்ற எம். எஸ். விசுவநாதனின் கதையும் இத்தகையதே. அவர் அமைத்த மெட்டு குருவின் பெயரில் வெளிவந்தது. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்த வேளையில் அந்தக் குருவே உண்மையை முதலாளிகளுக்கு எடுத்துரைத்து, இளைஞரைக் கைவிடாதீர்கள் என்று பரிந்துரைத்தார் என்பர்.

இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. பட்டறையில் இளையவன் உழைப்பு மூத்தவன் பெயரில் போவது எல்லாத் தொழிலிலும் கண்ட வழக்கம். எனினும் எழுதுகிறவனுக்குப் பெயர் என்பது கூலிக்கு மேற்பட்டது. வாய்ப்பளித்த அதே இடம் பெயரை மறுத்தது என்னும் இரு உண்மைகளையும் வரலாறு ஒருசேரச் சுமக்க வேண்டும். சுப்பையா நாயுடுவின் பரிந்துரை அந்த வழக்கத்துக்கு ஒரு மாற்று. காலந்தாழ்ந்தாலும் வாய்மையான மாற்று.

‘ராஜகுமாரி’க்குப் பின் சாமி ‘வேலைக்காரி’யை (1949) இயக்கினார். அண்ணாவின் கதை, வசனம், கே. ஆர். இராமசாமி நாயகன். மாயக் கதையில் தொடங்கிய இயக்குநர் ஈராண்டுக்குள் சமூகச் சீர்திருத்தம் பேசும் படத்துக்கு வந்தார். அங்கே எழுத்தாளரின் பெயர் மறையவில்லை. அதுவே மக்களை அரங்குக்கு அழைத்து வந்தது. அதே 1949-இல், ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தழுவி ஜூபிடர் எடுத்த ‘கன்னியின் காதலி’யில் கண்ணதாசன் என்னும் இருபத்திரண்டு வயதுக் கவிஞர் தம் முதல் திரைப்பாடலை எழுதினார். மறு ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ கருணாநிதியின் எழுத்துக்குத் தனிப்புகழ் தந்தது. ‘ராஜகுமாரி’யில் நாயகனோடு மோதும் சிறுவேடத்தில் தோன்றிய கோவைக்காரர் சாண்டோ சின்னப்பா தேவர், 1956-இல் அதே நாயகனைக் கொண்டு ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்துப் படமுதலாளியானார்.

இவ்வளவு பேரின் தொடக்கமும் ஒரே வட்டாரத்தில், நான்கைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது தற்செயலன்று. பேரும் புகழும் இல்லாதவர்களை வைத்துக்கொள்ள ஓர் இடமும், அவர்கள்மேல் பந்தயம் வைக்க ஒரு சாமியும், அந்தச் சாமியின் சொல்லை ஏற்க ஒரு சோமசுந்தரமும் இருந்தனர். இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் ‘ராஜகுமாரி’ முடங்கியிருக்கும். அப்படத்தால் உயர்ந்தோருள் இருவர் நாடாண்டனர். அதை இயக்கியவரின் பெயரோ திரை வரலாற்று நூல்களின் ஓரத்தில் நின்றுவிட்டது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் இன்று இல்லை.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டமும் ஒருவகையில் பட்டறைதான். இங்கும் முதற்கவிதையோடு தயங்கி வருவோர் உண்டு. அதைத் திருத்திக் கொடுத்துத் தாம் மறைந்து நிற்போரும் உண்டு. வந்தவனுக்கு இடம் கொடுத்தோமா என்பது முதற்கேள்வி. எழுதியவன் பெயரை எழுதியவனுக்கே கொடுத்தோமா என்பது அடுத்தது. சிங்காநல்லூர் முதற்கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் போயிற்று. இரண்டாவதன் விடையை நாம் எழுத வேண்டும்.