மூலப் படமும் சான்றும்

ஏட்டுச் சுவடியின் பாடத்தில் ஐயம் எழுமிடத்து மூல ஏட்டை நாடுதல் பதிப்பாளர் மரபு. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தை ஆராய்வோரும் அச்சுநூலோடு அமையாது ஏடுகளைத் தேடுவர். ஒளிப்படத் துறையிலும் இத்தகைய மரபு ஒன்று உருவாகியுள்ளது.

படச்சுருள் வழங்கிய காலத்தில் நெகற்றிவே மூலமாய் நின்றது. அச்சிட்ட படத்தை எத்துணை திருத்தினும் அது மாறாதிருந்தது. எண்ணிமக் கமரா வந்தபின், திருத்தத்தை அதே கோப்பின்மேற் சேமித்தால் மூலம் அழிந்துபடும் நிலை தோன்றிற்று. எனவே போட்டி நடத்துவோர் கமராவிற் பதிவான மூலக் கோப்பைக் கேட்கலாயினர். 2015ஆம் ஆண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில், இறுதிக்கு முந்திய சுற்றை எய்திய படங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 20, மூலக் கோப்புகளோடு ஒப்புநோக்கியபின் விலக்கப்பட்டன.

மட்டக்களப்பு வாவியைப் படம்பிடிப்போர்க்கு இவ்வரலாறு பெரிதும் பயன்படும். 1924இல் திறக்கப்பெற்ற கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அது எழுமுன் இருந்த வாவிக் காட்சியை இனி யாராலும் எடுத்தல் இயலாது. அப்படத்தின் மூலக் கோப்பிற் கமராவின் விவரமும் அது குறித்த நாளும் பதிந்திருக்கும். போட்டிக்கெனச் சிறிதாக்கிய படியில் அவை நீங்கிவிடுதல் கூடும். 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடிக் கரைகளைத் தாக்கிய ஆழிப்பேரலை, ஒரே இடத்தில் வைக்கும் ஆவணம் வீட்டோடு அழியும் என்பதையும் உணர்த்திற்று.

ஆதலின் மூலத்தை மாற்றாது ஈரிடங்களில் வைத்து, படியையே திருத்தி அனுப்புதல் முறையாகும். இன்று நடுவர்க்குக் காட்டும் அக்கோப்பே, நாளை வாவியின் வரலாற்றை எழுதுவோர்க்கும் சான்றாகும்.