பல்லாவரத்துக் கல்லும் இரண்டு கால்களும்

அசோக் நகர் தூணிலிருந்து கத்திப்பாரா வழியாகப் போனால் பல்லாவரம் சுமார் 10 கிலோமீட்டர். 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக்கல் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான்!

மனிதன் ஏன் நிமிர்ந்து நடந்தான்? கைகள் விடுபட்டால் கல் எறியலாம், ஆயுதம் பிடிக்கலாம், அப்படி நடந்தவர்கள் பிழைத்தார்கள் என்று 1871-ல் எழுதினார் டார்வின். நம்பும்படியாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் மண்ணுக்கடியில் கிடைத்த வரிசை வேறு.

எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த 'லூசி' சுமார் 32 லட்சம் ஆண்டு பழையவள். இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்ததைக் காட்டுகின்றன. மூளையோ ஏறக்குறைய சிம்பன்சி அளவுதான். தான்சானியாவின் லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காலடித் தடங்களே இருக்கின்றன. இதுவரை கிடைத்த எந்தக் கல் கருவியும் அவ்வளவு பழையதல்ல.

ஆக, நடைதான் முதலில்; கல் கருவி பின்னால். இயற்கைத் தேர்வு வரவு செலவை அன்றன்றே பார்க்கும், எதிர்காலத்துக்கு பட்ஜெட் போடாது. குறைந்த சக்தியில் அதிக தூரம் போனதா, உணவைக் கையில் சுமந்ததா, எது அன்றைய லாபம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

காலியான கைகள் பிறகு என்ன செய்தன என்பதற்குச் சாட்சி, திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். அந்த அகழாய்வில் மனித எலும்பு கிடைக்கவில்லை, கற்கள்தான் பேசுகின்றன.

ஃபுட் சேகரித்த கற்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒருமுறை போய் வாருங்கள், நடந்தே!