ஐந்தாம் வகைக் குளுட்டமேட் ஏற்பியும் மரபணு நீக்கிய சுண்டெலியும்: பெங்களூரு ஆய்வுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நோவார்ட்டிஸ் நிறுவனம், ஃபிராஜைல் எக்ஸ் நோய்த்தொகைக்கெனத் தான் உருவாக்கி வந்த மாவோகுளூரன்ட் என்னும் மருந்து முயற்சியைக் கைவிட்டது. சுண்டெலிகளிடம் பெருவெற்றி கண்ட கருதுகோள் மனிதரிடம் பொய்த்தது என்றே இந்நிகழ்வு பெரும்பாலும் பேசப்படுகிறது. அத்தீர்ப்பு முழுமையானதன்று. அம்மருந்து தடுக்க முனைந்த ஏற்பி, மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே வகையாகச் செயற்படுவதில்லை என்பதை, அதே மரபணு நீக்கிய சுண்டெலியைக் கொண்டே, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெங்களூரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டியிருந்தது. இவ்வரலாற்றில் அவ்வாய்வுக்கு உரிய இடத்தை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் குறித்து ஒன்று கூறுதல் தகும். தமிழில் சுண்டெலி வேறு, எலி வேறு. அறிவியல் செய்தி எழுதுவோர் இரண்டையும் ‘எலி’ என்றே எழுதிவிடுகின்றனர். இங்கு இரண்டும் தனித்தனி உயிரினங்களாகவே வருவதால் அவ்வேறுபாடு பேணப்படுகிறது.

ஏற்பி: உய்த்துணர்வும் சான்றும்

நிக்கோட்டினும் குராரியும் தசையில் விளைக்கும் மாற்றங்களை ஆராய்ந்த ஜான் நியூபோர்ட் லாங்லி, அவ்விரண்டையும் ஏற்கும் பொருளொன்று தசையில் இருத்தல் வேண்டும் என 1905இல் உய்த்துணர்ந்தார். மூளைத்திசுவில் ஓபிய ஏற்பிகள் உண்டென்பதைக் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1973இல் கதிரியக்க அடையாளமிட்ட மருந்தின் துணையால் நிறுவினர். எனினும் மருந்தைக் கொண்டு ஏற்பியை அறியும் முறையில் உள்ளார்ந்த இடர் ஒன்று உண்டு. எந்த மருந்தும் ஒரே ஏற்பியோடு நின்றுவிடுவதில்லை. விளைவு தோன்றினால் அது எந்த ஏற்பியின் வழி வந்தது என்னும் ஐயம் எஞ்சும்.

ஏற்பியை ஆக்கும் மரபணுவையே நீக்கினால் அவ்வையம் பெரிதும் குறையும். கருநிலைக் குருத்தணுக்களில் குறித்த மரபணுவை மாற்றி, அம்மாற்றம் வழிவழி தொடரும் சுண்டெலிகளை உருவாக்கும் முறை 1989இல் கைகூடியது. இதற்கு அடித்தளமிட்ட மரியோ கபெச்சி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகியோர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். சுசுமு தொனெகாவாவின் ஆய்வகம் 1996இல் இன்னும் ஒரு படி சென்று, என்எம்டிஏ ஏற்பியை உடல் முழுவதிலும் அன்றி, ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் மட்டும் இல்லாமற் செய்தது. அச்சுண்டெலிகள் நீரில் மறைந்த மேடையின் இடத்தைக் கற்பதில் பின்தங்கின. ஏற்பி எது என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்னும் பாடம் அப்போதே கிட்டிவிட்டது. பின்னர் அது போதிய அளவு நினைவில் கொள்ளப்படவில்லை.

இந்தியச் சட்டப் பின்னணி

இந்தியாவில் இத்தகைய ஆய்வு இரு சட்டங்களின் கீழ் வருகிறது. அவற்றுள் மூத்தது தமிழகத்தோடு தொடர்புடையது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களின் முற்பகுதியில் விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்ததன் பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. அதன் தொடர்ச்சியே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அச்சட்டம் விலங்காய்வைத் தடை செய்யவில்லை. கண்காணிப்புக் குழுவொன்றுக்கு வழிவகுத்தது. அதன் 17ஆம் பிரிவு, சிறு விலங்குகளைக் கொண்டு ‘அதே முடிவுகளை’ எட்ட இயலுமாயின் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. சிறு விலங்குகளுக்கு எடுத்துக்காட்டாகக் கினிப்பன்றி, முயல், தவளை, எலி ஆகியவற்றைச் சுட்டுகிறது. பின்னாளில் ஆய்வகங்களை ஆளவிருந்த சுண்டெலி அப்பட்டியலில் பெயர் பெறவில்லை என்பது 1960இன் ஆய்வுச் சூழலைக் காட்டும் நுண்சான்று. மரபணு மாற்றிய உயிரிகளுக்கான விதிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்தன. மரபணு நீக்கிய சுண்டெலி பிறந்த அதே ஆண்டு அது. விலங்குகளை வளர்ப்பதற்கும் அவற்றின் மீது ஆய்வு நடத்துவதற்குமான விரிந்த விதிகள் 1998இல் வகுக்கப்பட்டன.

ஒரு நோயும் ஒரு கருதுகோளும்

மரபுவழி வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடுகளுள் ஃபிராஜைல் எக்ஸ் முதன்மையானது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள எஃப்எம்ஆர்1 என்னும் மரபணுவில், சிஜிஜி என்னும் மூவெழுத்துத் தொடர் 200 முறைக்கு மேல் பெருகும்போது அம்மரபணு மெத்திலேற்றமுற்று வாயடைத்துப் போகிறது. மரபணு 1991இல் இனங்காணப்பட்டது. டச்சு–பெல்ஜியக் கூட்டுக்குழு 1994இல் அம்மரபணு செயலிழந்த சுண்டெலியை உருவாக்கியது. ஈண்டு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நோயுற்ற மனிதரிடம் மரபணு உள்ளது, ஆனால் பேசுவதில்லை. அச்சுண்டெலியிடமோ மரபணுவே சிதைக்கப்பட்டுள்ளது.

ஐந்தாம் வகை வளர்சிதைமாற்றக் குளுட்டமேட் ஏற்பியை ஷிகெதாதா நகானிஷியின் கியோத்தோ குழு 1992இல் படியெடுத்திருந்தது. இவ்வகை ஏற்பிகள் தூண்டும் நெடுநேர வலுக்குறைவு, எஃப்எம்ஆர்1 இல்லாத சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் மிகுந்து காணப்படுவதைக் கிம்பர்லி ஹியூபரும் மார்க் பேரும் 2002இல் அறிவித்தனர். 2004இல் இவ்விருவரும் ஸ்டீபன் வாரனும் சேர்ந்து, கட்டற்ற இவ்வேற்பியே நோயின் பல கூறுகளுக்கும் வேர் என்னும் கருதுகோளை முன்வைத்தனர். 2007இல் பேரின் ஆய்வகம் இரு வகைச் சுண்டெலிகளை இணைத்து, எஃப்எம்ஆர்1 இல்லாததும் ஐந்தாம் வகை ஏற்பி பாதியே உள்ளதுமான சுண்டெலியைப் பெற்றது. ஆராய்ந்த 8 குறைபாடுகளில் 7 சீரடைந்தன. மருந்து நிறுவனங்கள் முனைந்து இறங்கியதில் வியப்பில்லை.

பெங்களூரில் கண்டது

அதே 2007இல் தொனெகாவா குழுவோடு இணைந்து பெங்களூரைச் சேர்ந்த சுமந்த்ர சட்டர்ஜியும் பி. எஸ். சங்கரநாராயண ராவும் வெளியிட்ட ஆய்வு, பிஏகே என்னும் நொதியின் செயலை முன்மூளையில் குறைத்தால் எஃப்எம்ஆர்1 இல்லாத சுண்டெலியின் குறைகள் பல தணிவதைக் காட்டியது. அது நொதி பற்றியது, ஏற்பி பற்றியதன்று. ஆயினும், குறைபாடு தோன்றிய பின்னும் அதைத் திருத்த இயலும் என்னும் நம்பிக்கையை அது வலுப்படுத்தியது.

இக்கட்டுரைக்கு மையமானது 2010இல் வெளிவந்த ஆய்வு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சட்டர்ஜியின் ஆய்வகத்தைச் சேர்ந்த அபர்ணா சுவ்ரதன் இதன் முதலாசிரியர். எரிக் கிளான் உள்ளிட்ட நியூயார்க் ஆய்வாளர்கள் உடன் பங்கேற்றனர். அதுவரை சான்றுகளுட் பெரும்பகுதி ஹிப்போகாம்பஸிலிருந்தே வந்திருந்தது. நோயாளிகளையும் குடும்பத்தாரையும் அன்றாடம் வாட்டுவனவோ அச்சம், பதற்றம் முதலிய உணர்வுக் கோளாறுகள். அவை அமிக்டலாவைச் சார்ந்தவை. எனவே வளர்ந்த சுண்டெலிகளின் பக்கவாட்டு அமிக்டலாவில் நரம்பணு ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் இக்குழு அளந்தது.

ஹிப்போகாம்பஸில் ஏற்பியின் விளைவு மிகைப்பட்டிருந்தது. அமிக்டலாவிலோ அவ்வேற்பிகளைச் சார்ந்த நெடுநேர வலுவூட்டம் குன்றியிருந்தது. நரம்பணுவின் புறப்பரப்பில் ஆம்பா ஏற்பியின் குளூஆர்1 கூறும் குறைந்திருந்தது. ஐந்தாம் வகை ஏற்பியைத் தடுக்கும் எம்பிஇபி என்னும் வேதிப்பொருள் இவ்விரண்டையும் மீட்கவில்லை. ஆனால் செய்தி அனுப்பும் பக்கத்தில் நிலவிய தளர்ச்சியின் ஓர் அடையாளமாகிய, தன்னியல்பான சிறு மின்னோட்டங்களின் குறைவை அது சரிசெய்தது. மருந்து பயனற்றது என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. ஹிப்போகாம்பஸ் வரைந்து காட்டிய வழியில் அது பயன்படாது என்றே கூறினர். அடக்கமாகச் சொல்லப்பட்ட அம்முடிவு அன்று பெற்றிருக்க வேண்டிய கவனம் பெரிது.

மனிதரிடம் நிகழ்ந்த சோதனைகள்

2011இல் 30 ஆண்களிடம் மாவோகுளூரன்ட் சோதிக்கப்பட்டது. மொத்தத்தில் பயன் தெரியவில்லை. மரபணு முழுமையாக மெத்திலேற்றமுற்ற 7 பேரிடம் மட்டும் முன்னேற்றம் காணப்பட்டது. அந்தச் சிறு எண்ணிக்கையை நம்பி அடுத்த கட்டம் அமைந்தது: வயதுவந்தோர் 175 பேர், பதின்பருவத்தினர் 139 பேர், 12 வாரங்கள். 2016இல் வெளியான முடிவுகளின்படி, முழு மெத்திலேற்றம் உடையவர்களிடமும் நடத்தையில் பயன் இல்லை. சிறு குழந்தைகளின் மொழிக் கற்றலை மையமாக்கிப் பின்னர் நடந்த சோதனையும் பயன் காட்டவில்லை. வயது, சோதனைக் காலம், நடத்தையை அளக்கும் முறை எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அமிக்டலாவின் வேறுபாடே காரணம் என நிறுவப்படவில்லை. எனினும் மெத்திலேற்றத்தின் அளவைக் கொண்டு பயனைக் கணிக்கும் முயற்சிக்கு 1994இன் சுண்டெலி எவ்வகையிலும் துணைசெய்திருக்க இயலாது. வாயடைக்க அதனிடம் மரபணு இல்லை.

இதற்கிடையே ஆய்வாளர் சிலர் எலியை நோக்கித் திரும்பினர். எடின்பரோவில் பீட்டர் கைண்ட் குழுவினர் 2015இல் எஃப்எம்ஆர்1 நீக்கிய எலியைப் பற்றி அறிவித்தனர். ஹிப்போகாம்பஸின் உயிரணு நிலையில் அவ்வெலியிடம் கண்ட குறைகள் சுண்டெலியில் கண்டவற்றை ஒத்திருந்தன. நடத்தையில் கண்ட குறைகள் ஒத்திருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் சட்டம் எடுத்தாண்ட ‘அதே முடிவுகள்’ என்னும் தொடர், நெருங்கிய இவ்விரு சிற்றுயிர்களுக்கு இடையிலேயே விளக்கம் வேண்டி நிற்கிறது.